படம் பார்த்து எழுதும் சீட்டு: கொரோனாவோடு வந்த வழக்கம் நீடிக்கலாமா?

தேன்மொழி, தோல் மருத்துவர், தனியார் கிளினிக்:

நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றுதான் மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகளும் வெளிவந்தன. அதற்கு முன்பும் நோயாளிகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அதைப் பார்த்து மருந்துச் சீட்டு எழுதினால் நாளை ஒரு சிக்கல் வரும்போது சட்டம் நம் பக்கம் நிற்குமா என்ற தயக்கம் எங்களில் பலருக்கு இருந்தது. அந்தத் தயக்கம் நீங்கியதால்தான், ஓ.பி. மூடிக் கிடந்த மாதங்களில், கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடும் சோரியாசிஸ் (செதில் படை) நோயாளியிடம் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்க முடிந்தது. கொப்புள நோயான பெம்பிகஸ் உள்ளவர்கள் தொற்றுக்கு அஞ்சி ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாமல் தடுக்கவும் முடிந்தது.

இப்போது இதை நெருக்கடிக் கால ஏற்பாடு என்று சொல்லி ஒதுக்கிவிடப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்ற துறைகளைவிடத் தோல் மருத்துவம் கண்ணை நம்பி நடக்கும் துறை. ஸ்பெயினில் 2020 ஏப்ரலில் தோல் மருத்துவர்கள் 375 நோயாளிகளின் படங்களையும் விவரங்களையும் இரண்டே வாரங்களில் திரட்டி, கொரோனாவோடு வரும் தோல் மாற்றங்களை ஐந்து வகைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். வால்பாறைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் முகப்பருவுக்காக ஒரு நாள் கூலியை இழந்து, 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில் என்ன நியாயம் இருக்கிறது?

கதிரவன், அரசு மருத்துவர், தொழுநோய்ப் பிரிவு:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். கண்ணை நம்பும் துறை என்பது பாதி உண்மைதான். மறுபாதி விரல் நுனியில் இருக்கிறது. வெளிறிய தேமலோடு வருபவரைக் கண்ணை மூடச் சொல்லி, முறுக்கிய பஞ்சு இழையால் தேமலின் மேலும் அதை ஒட்டிய நல்ல தோலிலும் மாறி மாறித் தொட்டு, தொட்ட இடத்தை அவரே விரலால் காட்டும்படி கேட்கிறோம். தேமலைத் தொடும்போது மட்டும் கை அசையாமல் இருந்தால், அடுத்து முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவி, மறு கையோடு ஒப்பிட்டுத் தடித்திருக்கிறதா என்று பார்க்கிறோம். இதில் எந்தப் பகுதியைப் படமாக எடுத்து அனுப்ப முடியும்? கைப்பேசித் திரையில் தொழுநோயின் உணர்ச்சியற்ற தேமலும், குழந்தைகளின் கன்னத்தில் வரும் சாதாரண வெளிறலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

2019-இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்ட தொழுநோயாளிகள் 1 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேல். 2020-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 65 ஆயிரமாக இறங்கியது. கிருமி ஊரடங்கைக் கடைப்பிடித்து வீட்டில் இருந்துவிடவில்லை. நாம்தான் தேடவில்லை. கண்டுபிடிக்கப்படாமல் போனவர்களில் எத்தனை பேர் நரம்பு கெட்டு விரல் மடங்கிய பிறகு வருவார்கள் என்பதுதான் என் கவலை.

தேன்மொழி:

ஐயா, எண்ணிக்கை சரி. அதை என் வாதத்துக்கு எதிராக நிறுத்தியது சரியில்லை. தொழுநோய்க் கணக்கு சரிந்ததற்கு வாட்ஸ்அப் படமா காரணம்? வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பு நின்றது, களப்பணியாளர்கள் காய்ச்சல் கணக்கெடுக்கவும் தனிமைப்படுத்தப்பட்டவர்களைக் கவனிக்கவும் அனுப்பப்பட்டார்கள், பேருந்து ஓடவில்லை. படம் என்ற வழியும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 65 ஆயிரம் இன்னும் கூடியிருக்கும் என்று நீங்கள் நிறுவ முடியாது.

முத்துவேல், மருந்துக்கடை நடத்துபவர்:

மருத்துவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். படம் பார்த்து எழுதிய சீட்டு கடைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். தாளில் எழுதிய சீட்டு ஒருவர் சட்டைப்பையில் கசங்கிக் கிடக்கும். கைப்பேசியில் வந்த சீட்டு குடும்பக் குழு முழுவதும் சுற்றும். படர்தாமரைக்கென்று தம்பிக்கு எழுதிய களிம்பை அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று வரிசையாக வந்து கேட்கிறார்கள். பெயரும் தேதியும் இருக்கும் மேல்பகுதியை வெட்டிவிட்டு, மருந்தின் பெயர் மட்டும் தெரியும்படி திரையை நீட்டுகிறார்கள்.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்குவதால் அதைத்தான் நல்ல மருந்து என்று நம்புகிறார்கள். சில வாரங்களில் வட்டத்தின் ஓரம் மங்கி, படை தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறிவிடுகிறது. அதே குழாயைத் தொடர்ந்து தடவுபவர்களுக்குத் தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்திருக்கிறது. ஊரடங்கில் ஒரே அறையில், ஒரே துண்டைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த குடும்பங்களில் இது எப்படிப் பரவியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தேன்மொழி:

ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற விதி 2018-லேயே இறுக்கப்பட்டது. கடைகளில் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்பட்டது என்பதை முத்துவேல் அவர்களே அறிவார். பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை எங்கள் சங்கக் கூட்டங்களின் முதன்மைப் பேச்சாக இருந்தது. பழைய குற்றத்தைப் புதிய வழக்கத்தின் தலையில் சுமத்துகிறீர்கள்.

அல்லி, லூபஸ் நோயாளி:

தேன்மொழி அம்மாவின் பக்கம் நான் ஒரு சாட்சி. லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய். 2020 மார்ச்சில், சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவிலிருந்து தற்காப்புக்காக, லூபஸுக்கும் தரப்படும் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அறிவித்தது. அடுத்த சில நாட்களில் என்னைப் போல் பல ஆண்டுகளாக அதைச் சாப்பிட்டு வருபவர்களுக்குக் கடைகளில் மாத்திரை கிடைக்கவில்லை. நோயே இல்லாதவர்கள் பட்டை பட்டையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதே வாரத்தில் அரசு அதை, சீட்டும் பதிவேடும் கட்டாயமான எச்1 பட்டியல் மருந்துகளின் விதிக்குள் கொண்டுவந்து விற்பனையைக் கட்டுப்படுத்தியது. நோக்கம் நல்லதுதான், ஆனால் என் பழைய சீட்டு செல்லாது என்று கடையில் திருப்பி அனுப்பினார்கள். என் மருத்துவர் அப்போது கொரோனா வார்டுப் பணியில் இருந்தார். பணி மாறும் இடைவெளியில் தொலைபேசியில் பேசி, கன்னத்துச் சிவப்பின் படத்தைப் பார்த்துப் புதுச் சீட்டு அனுப்பினார். நேரில் வந்தால்தான் சீட்டு என்று அவர் சொல்லியிருந்தால் நான் எங்கே போயிருப்பேன்?

கதிரவன்:

அல்லி அவர்களுக்கு நடந்ததை நான் எதிர்க்கவே இல்லை. உங்களை அவர் பலமுறை நேரில் பார்த்திருக்கிறார். நோய் இன்னதென்று முன்பே முடிவானது. தொலைமருத்துவ நெறிமுறையும் இந்த வேறுபாட்டைத்தான் வைத்திருக்கிறது: ஆறு மாதங்களுக்குள் நேரில் பார்த்த அதே நோய்க்கு என்றால் தொடர் ஆலோசனை, மற்றதெல்லாம் முதல் ஆலோசனை. முதல் ஆலோசனையில் பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் களிம்பையோ, ஏன், காலமைன் லோஷனையோ எழுதுவதற்குக்கூட வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். மங்கலான ஒரு படமும் "டாக்டர், இது என்ன?" என்ற ஒரு வரியும் வந்த மாத்திரத்தில் மருந்து எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால் அவை அமைதியாகிவிடும்.

ஸ்பெயின் எடுத்துக்காட்டும் நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வெண்தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, நம் மாநிறத் தோலில் கருமையாகவோ ஊதாவாகவோதான் தெரியும். கைப்பேசியின் கேமராவோ முகத்தைத் தானாகவே வெளுத்துக் காட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. அந்த ஆண்டுகளில் தோல் பிரிவு முதுநிலை மாணவர்கள் நீண்ட காலம் கவச உடையோடு கொரோனா வார்டுகளில் நின்றார்கள். தோலைக் கீறிச் சாறெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயிற்சியை ஏட்டளவில் முடித்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் கையில் திரையை மட்டும் கொடுத்தால் போதும் என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

தேன்மொழி:

அப்படி நான் சொல்லவில்லை. வெளிறிய தேமல், ஒரு மாதச் சிகிச்சைக்குப் பின்னும் அடங்காத படை, புதிதாக வந்த மச்சம் ஆகியவற்றுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் காய்ச்சல் தீர்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது என்று கலங்கும் பெண்ணுக்கும், சானிடைசர் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கு வெடித்த செவிலியருக்கும் நேரில் வா என்று சொல்வது வெறும் சடங்கு.

கதிரவன்:

அந்தப் பட்டியலை ஏற்கிறேன். ஆனால் தன்னுடையது எந்த வகைத் தேமல் என்று நோயாளி எப்படி அறிவார்? "சத்துக் குறைவு, மாத்திரை போதும்" என்று எழுதித்தான் அவர் படத்தை அனுப்புகிறார். அதில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க, படம் பார்ப்பவருக்கு அந்த நொடியில் தோன்ற வேண்டும்.

முத்துவேல்:

விதி எப்படி அமைந்தாலும் கடைக்காரன் சார்பில் ஒரு வேண்டுகோள். சீட்டில் நோயாளியின் பெயர், வயது, தேதி, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் மருந்தின் பெயருக்கு மேலே இல்லாமல், அதே வரியில் சேர்ந்து வரட்டும். வெட்டி அனுப்பினாலும் இது யாருடைய சீட்டு என்று கடையில் தெரிந்துவிடும்.