ஏற்காடு மலை ஊருங்களுக்கு கவர்மென்ட் சம்பளத்துல மிட்வைஃப் கேக்கலாமா?

சேர்வராயன்_மக:
எல்லாருக்கும் வணக்கங்க. வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபையில ஒரு தீர்மானம் கொண்டு வரணும்னு எங்க ஊர் பொம்பளைங்க பேசிட்டு இருக்கோம், அதுக்கு யோசனை வேணும். ஏற்காடு டவுனைத் தாண்டி மாரமங்கலம், செம்மநத்தம் பக்கமெல்லாம் மாசமா இருக்கற பொண்ணுங்களுக்கு செக்கப் நடக்குது, கர்ப்பத்த பதிவு பண்ற பிக்மி நம்பர் கிடைக்குது, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பிரசவ உதவிப் பணமும் வருது, அதையெல்லாம் குறை சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர் பாக்கறாங்க, வலி எடுத்தா எதுக்கு வம்புன்னு சேலத்துக்கு அனுப்பிடறாங்க, 20 கொண்டை ஊசி வளைவுல வலியோட இறங்கறது எப்படி இருக்கும்னு இறங்கினவங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் பேர் தேதி நெருங்கறப்பவே கீழ சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடறாங்க, கூடப் போறவங்களுக்கு எஸ்டேட் கூலி போச்சு. பிரசவத்துக்குன்னே முழுசா டிரெயினிங் எடுத்த ஒரு மிட்வைஃப், அரசாங்கமே சம்பளம் கொடுத்து, முதல் மாசத்துலேர்ந்து குழந்தை பிறந்து பால் குடிக்கப் பழகற வரைக்கும் அதே ஆளே பாக்கற மாதிரி கேக்கலாமா? யார்கிட்ட கேக்கணும்?

அஸ்தம்பட்டி_அப்பா:
தப்பா எடுத்துக்காதீங்க மா. வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்பவும் போகணுமா? நம்ம பாட்டிங்க காலத்துல எத்தன பேர் பிரசவத்துலயே போனாங்க. நல்ல ரோடு, இன்னும் ரெண்டு 108, ராத்திரியும் இருக்கற லேடி டாக்டர், இத கேளுங்க, நானும் கையெழுத்து போடறேன்.

லேபர்வார்டு_அக்கா:
அண்ணா, அவங்க வீட்டுப் பிரசவம் கேக்கலைங்க. நான் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ், பிரசவ வார்டுலதான் பல வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மத்திய அரசே 2018ல மிட்வைஃபரிக்குன்னு வழிகாட்டுதல் போட்டிருக்கு. நர்சிங் முடிச்சு பிரசவ அனுபவம் இருக்கறவங்களுக்கு இன்னும் 18 மாசம் தனி டிரெயினிங், அப்புறம் ஆஸ்பத்திரிக்குள்ளயே மிட்வைஃப் பாத்துக்கற தனி யூனிட், சிக்கல்னா பக்கத்துலயே டாக்டர். தெலங்கானாவுல அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க. இவங்க வேலை, சிக்கல் இல்லாத பிரசவத்த அவசரப்படுத்தாம பாத்துக்கறது. தலைப்பிரசவத்துல வலி ராத்திரி முழுக்க கூட இழுக்கும், பக்கத்துல ஆள் உக்காந்து தைரியம் சொல்லி, நடக்க வச்சு, குழந்தை துடிப்பையும் அம்மா பிரஷரையும் விடாம பாத்து சார்ட்ல எழுதிட்டே இருக்கணும், சார்ட்ல எச்சரிக்கைக் கோட்டத் தாண்டினா அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட, மலைன்னா கீழ, அனுப்பணும். அனுப்பற நேரம் தெரியறதுதான் இதுல பெரிய படிப்பே.

தமிழ்நாட்டுல 2019-21 குடும்ப நல சர்வேபடி 99 சதவீதத்துக்கு மேல ஆஸ்பத்திரிலதான் பிரசவம், அது நம்ம மாநிலம் பெருமைப்பட வேண்டிய விஷயம். அதே சர்வேல சிசேரியன் கிட்டத்தட்ட 45 சதவீதம்ங்க, இந்தியா முழுக்க பாத்தா 21.5தான். ஆபரேஷன் உயிரக் காப்பாத்துது, அதுல மறுபேச்சே இல்ல. ஆனா ரெண்டுல ஒரு பொண்ணுக்கு கிட்ட வயித்தக் கிழிக்க வேண்டியிருக்குன்னா, கூட உக்கார ஆள் இல்லாததும் ஒரு காரணம்னு வார்டுல நின்னு பாத்தவ நான் சொல்றேன்.

காக்காயன்_மலை:
பொது சுகாதாரம் படிக்கறேன், ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். தூரம் போக வேணாம், இலங்கையப் பாருங்க. 1926ல களுத்துறையில சுகாதாரப் பிரிவு ஆரம்பிச்சதுலேர்ந்து அரசு சம்பளத்துல மருத்துவமாதுங்க, அதாவது அங்கத்த மிட்வைஃபுங்க, வீடு வீடா போறாங்க. பிரசவம் நடக்கறது ஆஸ்பத்திரியில, ஆனா முன்னாடியும் பின்னாடியும் பாக்கறது ஏரியாவுல இருக்கற அந்த அக்காதான். அங்க பிரசவத்துல தாய் இறக்கறது நம்ம நாட்ட விட ரொம்பக் குறைவு. ரோடு வேணும் அண்ணா, ஆனா மழைக்காலத்துல மரம் விழுந்து ரோடு அடைச்சா 108 எங்கேர்ந்து வரும்? அப்ப மலை மேல கை தேர்ந்த ஒருத்தர் இருக்கணுமில்ல.

அஸ்தம்பட்டி_அப்பா:
ஆஸ்பத்திரிக்குள்ளயேன்னா சரிங்க. ஆனா சேலத்துலேர்ந்து யார் மேல வந்து தங்குவாங்க? போஸ்டிங் போட்ட மறுமாசமே டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிடுவாங்களே.

சேர்வராயன்_மக:
அண்ணா கேக்கறது நியாயம், அதான் எனக்கும் பயம். இன்னொண்ணு அக்கா, எங்க விஎச்என் அக்காவுக்கே, அதான் கிராம சுகாதார செவிலியருக்கே, இத செய்யச் சொல்லிக் கேக்கலாமா? அவங்க நல்லவங்க, எல்லார் வீடும் தெரியும்.

லேபர்வார்டு_அக்கா:
வேணாம்மா, அவங்க தலைல இன்னும் ஏத்தாதீங்க. தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, ஆன்லைன் என்ட்ரின்னு ஏற்கனவே ஓடிட்டு இருக்காங்க, மலைல 3000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு கணக்கு இருந்தாலும் வீடெல்லாம் சிதறி இருக்கு. மிட்வைஃப் தனி போஸ்ட்டா, ராத்திரியும் பிரசவம் பாக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. தீர்மானத்துல குவார்ட்டர்ஸ் கட்டாயம் எழுதுங்க. நம்ம மலையாளி பழங்குடிப் பொண்ணுங்கள்ல நர்சிங் முடிச்சவங்களுக்கு அந்த 18 மாச டிரெயினிங்ல முன்னுரிமை கேளுங்க, சொந்த ஊர்னா தங்குவாங்க. கரன்ட் போனாலும் ஓடற ஃப்ரிட்ஜும் வேணும், பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கு வராம போடற ஆக்ஸிடோசின் ஊசி 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ரத்தம் போக ஆரம்பிச்சா நல்லா இருந்த பொண்ணே ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். தீர்மானம் ஆனதும் நகல் ஒண்ணு கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, அத வச்சு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கற நாள்ல மனு கொடுத்து ரசீது வாங்கிடுங்க, மாவட்ட சுகாதார அலுவலருக்கும் ஒரு காப்பி. மாசமா இருக்கறவங்களையே நாலு பேர கூட்டிட்டுப் போய் பேச வைக்க முடிஞ்சா நல்லது, பஸ் ஏற முடியாதவங்கள மட்டும் கூப்பிடாதீங்க. எழுதினத இங்க போடுங்க, நான் பாத்துத் திருத்தித் தரேன்.