விடாப்பிடிப் பாசி: ஃபில்டர், ஹீட்டர், குழாய் சுத்தம் செய்தபோது நடந்தவை

செடித்தொட்டி_கோவை

மீன்தொட்டிச் செடிகளின் இலையில் வரும் பாசியைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இலையைக் கிள்ளி எறிந்துவிடலாம், ஃபில்டரின் வெளியேற்றுக் குழாயை என்ன செய்வது? தண்ணீர் வேகமாகப் பாயும் அந்த வாயில்தான் கருந்தாடிப் பாசி அடைந்துகொள்கிறது. நகத்தால் சுரண்டினால் நுனி மட்டும் வரும், அடி அப்படியே நிற்கும்.

மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கினேன். நம் ஊர்ப் புட்டிகளில் பெரும்பாலும் 6 சதவீதம், 20 வால்யூம் என்று போட்டிருக்கும். சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். குழாயைக் கழற்றி வெளியே வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, சிரிஞ்சால் பாசியின் மேல் விட்டேன். நுரைத்துப் பொங்கியது. சில நிமிடம் விட்டு, அலசி, திரும்ப மாட்டினேன். மறுநாள் காலை விளக்கைப் போட்டதும் திகைத்து நின்றுவிட்டேன். கன்னங்கரேலென்று இருந்த தாடி முழுவதும் இளஞ்சிவப்பு!

அது செம்பாசி இனம். பச்சையம் அழிந்ததும் உள்ளிருக்கும் ஃபைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி வெளியே தெரிகிறது. பாசி செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு வெளுத்தது, இறால்கள் மேய்ந்து தீர்த்தன. வேறு யாராவது இந்த நிறமாற்றத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

கப்பி_பிரியன்

நிறத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு மறக்காதது ஒரு வாசனை.

கொளத்தூரில் ஒரு கடைக்குக் கப்பி மீன் வாங்கப் போயிருந்தேன். பின்கட்டில் ஒரு பையன் பாசி பிடித்த பவர்ஹெட்டுகளை, அதாவது தொட்டிக்குள் தண்ணீரைச் சுழலவிடும் மோட்டார்களை, பக்கெட்டில் ஊறப்போட்டிருந்தான். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். பாசி வெளுத்துவிட்டது, வெள்ளை உப்புக்கறை போகவில்லை. கழிப்பறை ஆசிட்டை எடுத்து அதே பக்கெட்டில் சாய்த்துவிட்டான்.

புஸ்ஸென்று சீறியது. மறுகணம் கண் எரிந்தது, மூச்சு உள்ளே இறங்கவில்லை. அவனோ மோட்டார்களை எடுக்கக் குனிகிறான். "மோட்டார் கெட்டுவிடும் அண்ணா" என்று இருமலுக்கு நடுவே சொல்கிறான். சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தேன். நடைபாதையில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினான். வந்தது குளோரின் வாயு. நுரையீரலைப் புண்ணாக்கும், ஆளையே கொல்லும். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை என்பதுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

போர்வெல்_வீடு

கோவை நண்பரே, உங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வரலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் எங்கள் அடுக்ககத்துக்குச் சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீர்தான். உங்கள் பெராக்சைடு இங்கே பாதி வேலைதான் செய்யும். பாசியைக் கொல்லும், சுண்ணாம்புப் படிவத்தைத் தொடாது. பாசி அந்தப் படிவத்தின் மேலும் இருக்கிறது, இடுக்கிலும் இருக்கிறது. மேலே இருப்பதை வெளுக்கவைத்துவிட்டு முடிந்தது என்று நினைத்தால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும்.

ஒருநாள் மின்சாரம் போய் வந்தது, ஃபில்டர் ஓடவில்லை. திறந்தால் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் விசிறி, வெள்ளை ஓட்டுக்குள் கல்லாக இறுகி இருந்தது. விரலால் சுழற்றினால் அசையவில்லை. இவ்வளவுதான் என் கதை.

ஆனால் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். முதலில் படிவம், அதற்குப் பிறகே பாசி. மளிகைக்கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து பிளாஸ்டிக் பாகங்களை ஊறவிடுங்கள், குமிழி வருவது நின்றதும் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் உதிரும். வினிகரும் போதும், நேரம் கூடுதலாகும். இம்பெல்லரை மட்டும் இரவெல்லாம் ஊறப்போடாதீர்கள். அதிலுள்ள காந்தத்தின் மேலுறையில் கீறல் இருந்தால் உள்ளே துருப்பிடித்து உப்பிவிடும். அது சுழலும் பீங்கான் தண்டை வளைத்து இழுக்காதீர்கள், பட்டென்று முறியும். ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, உலர்த்தி, பிளீச்சை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பி நண்பர் பார்த்தது கழிப்பறை ஆசிட், அதனால் உடனே சீறியது. வினிகரும் லெமன் சால்ட்டும் பிளீச்சோடு சேர்ந்தாலும் குளோரின்தான் வரும், வீட்டுச் சாமான் என்பதால் விதிவிலக்கு கிடையாது. பெராக்சைடையும் வினிகரையும் கலக்க வேண்டாம், பெரசிட்டிக் அமிலம் உண்டாகி மூக்கையும் கண்ணையும் அரிக்கும்.

ஊட்டிக்குளிர்

இங்கே ஹீட்டர் இல்லாமல் வெப்பமண்டல மீன் வளர்க்க முடியாது. ஹீட்டரின் கண்ணாடியில்தான் பச்சைப் புள்ளிப் பாசி கெட்டியாக ஒட்டுகிறது.

என் மைத்துனர் உதவி செய்கிறேன் என்று ஹீட்டரை எரிந்துகொண்டிருக்கும்போதே வெளியே எடுத்துத் துடைத்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். துடைத்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இறக்கினார். டிக் என்று ஒரே ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு, அதன் வழியே தண்ணீர் உள்ளே கசிகிறது. அவர் கை இன்னும் தொட்டிக்குள். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிளக்கைக் கழற்றுங்கள். அரைமணி நேரம் தண்ணீருக்குள்ளேயே ஆறவிடுங்கள். பிறகு வெளியே எடுத்துப் பிளேடால் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். கண்ணாடிக்கு மட்டும்தான் பிளேடு, அக்ரிலிக்கில் கோடு விழுந்துவிடும்.

மீனவன்_மகன்

இவ்வளவு ரசாயனம் எதற்கு? சக்கர் மீன் ஒன்று விட்டால் தீர்ந்தது. கழற்றக்கூடிய பொருளையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

செடித்தொட்டி_கோவை

சக்கர் கருந்தாடிப் பாசியைத் தொடாது, நண்பரே. ஓரளவு தின்பது சயாமீஸ் பாசித்தின்னி, அதுவும் இளம் வயதில். சக்கர் முழங்கை நீளம் வளரும். அப்போது பலரும் அதை ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே நாட்டு மீனுக்கு இடமில்லாமல் போகிறது. தயவுசெய்து சக்கர் விடும் யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள்.

உப்புத்தொட்டி

கொதிநீர் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஃபில்டர் பிளாஸ்டிக் கொதிநீரில் நெளிந்து மூடி பொருந்தாமல் போகும், அது சின்ன நஷ்டம். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பாறையையோ, பவளம் ஒட்டிய பம்பையோ கொதிக்கவைக்கவே கூடாது. சோவாந்திட் என்ற, பவளம் போன்ற கடல் உயிரிகளில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கொதிக்கும்போது ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்த ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களையும் சேர்க்க நேர்ந்தது.

எனக்கு நேர்ந்தது அவ்வளவு பெரிதல்ல. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த பழைய பம்பில், பாசிக்கு அடியில், ஒரு சோவாந்திட் குடும்பம் சுருங்கி உட்கார்ந்திருந்தது. பிரஷை அதன் மேல் வைக்கப் போன நேரத்தில் ஒன்று மெல்ல வாயைத் திறந்தது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் அதன் பிறகு எதையும் நான் தேய்ப்பதில்லை.

போர்வெல்_வீடு

எல்லாம் சரி. ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைப் பற்றி யாருமே பேசவில்லையே? என் அக்கா வீட்டில் குழாயோடு சேர்த்து ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் பிளீச்சில் போட்டுவிட்டார்கள். தொட்டி பளிச்சென்று இருந்தது. சில நாளில் மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நின்றன. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அத்தனையும் அந்த ஸ்பாஞ்சில்தான் இருந்தது. அதைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து வையுங்கள். அதில் பாசி இருந்தாலும் கவலை வேண்டாம், ஃபில்டருக்குள் வெளிச்சம் கிடையாது.

கப்பி_பிரியன்

ஒரு சந்தேகம். சிலிக்கான் குழாயின் உள்பக்கம் பழுப்பாகிவிட்டது. பிளீச் விடலாமா? வாசனையே எனக்குப் பயமாக இருக்கிறது.

செடித்தொட்டி_கோவை

முதலில் ஸ்பிரிங் பிரஷை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். வராவிட்டால் நறுமணம் சேர்க்காத, 5 சதவீத அளவிலான பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்தொன்பது பங்கு. மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள், கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சிலிக்கான் வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அலசிய பிறகு, குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து தாராளமாக விட்ட தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, மோந்து பாருங்கள். லேசாக வாசனை இருந்தாலும் மாட்டாதீர்கள். மனம் ஒப்பவில்லை என்றால் புதுக் குழாயே வாங்கிவிடுங்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.