அஸ்பாரகஸ் பாத்தியில் செண்டுமல்லி நடலாமா?

கொல்லைப்புறம் (மார்க்கம், ஒன்ராறியோ):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறத்தில் 4 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஒரு பாத்தியில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வசந்தத்தில், இளங்குருத்தை வெட்டிச் சமைக்கும் காய்கறியான அஸ்பாரகஸில் 'குவெல்ஃப் மில்லேனியம்' வகை வேர்க்கொத்துகள் 16 நட்டேன். முதல் இரண்டு ஆண்டுகளும் ஒரு குருத்தைக்கூட வெட்டாமல் பொறுத்திருந்தேன். ஆனால் கடந்த ஜூலையில், தழை நெஞ்சளவு உயர்ந்து பச்சைப் புகைபோல நின்ற நேரத்தில், கருந்தலையும் சாம்பல் பச்சை உடலும் கொண்ட புழுக்கள் ஏறி, இரண்டே வாரத்தில் செடிகளை வெறும் ஈர்க்குச்சிகளாக்கிவிட்டன.

கோடைக்கு இங்கு வந்திருந்த என் மாமியார், ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி வயலின் ஓரத்தில் செண்டுமல்லி வைத்தால் புழு குறையும் என்றும், இந்தப் பாத்தியிலும் அதையே செய்யலாம் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். ஒவ்வொரு வேர்க்கொத்துக்கும் இடையில் ஒரு செண்டுமல்லிச் செடி வைக்கலாமா, அல்லது வேறு எந்தப் பூச்செடி பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்புழு:

வணக்கம். உங்கள் மாமியார் சொன்னது தக்காளிக்குச் சரியான யோசனைதான். ஆனால் அது வேலை செய்யும் விதம் நாம் பொதுவாக நினைப்பதற்கு நேர்மாறானது. தக்காளி வயலில் செண்டுமல்லி காய்ப்புழுவின் அந்துப்பூச்சியை விரட்டுவதில்லை, வரவழைக்கிறது. அந்துப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லியின் மொட்டிலும் பூவிலும் முட்டையிடுவதால், அதைப் பொறிப் பயிர் என்று அழைக்கிறார்கள். உங்கள் தழையைத் தின்றவை அஸ்பாரகஸ் வண்டின் புழுக்கள். அந்த வண்டோ அஸ்பாரகஸைத் தவிர வேறு எதையும் தின்னாது, வேறு எதிலும் முட்டையிடாது. ஆகவே செண்டுமல்லி அதற்குப் பொறியாகவும் இருக்க முடியாது. அதன் வாசனைக்குப் பயந்து வண்டு ஓடியதையும் என் பாத்தியில் நான் கண்டதில்லை.

செண்டுமல்லியின் வேர் மண்ணிலுள்ள சில நூற்புழுக்களை அடக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு பருவம் முழுவதும், அந்த நிலத்தில் வேறு பயிர் இல்லாமல், நெருக்கமாக விதைக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கு செடி வைப்பதால் அந்தப் பலன் கிடைக்காது. புதுப் பாத்தி போடுவதற்கு முந்தைய ஆண்டு அந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது.

வேர்க்கொத்துகளுக்கு இடையில் எதையும் நட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அஸ்பாரகஸின் சதைப்பற்றான வேர்கள் கீழே இறங்குவதைவிடப் பக்கவாட்டில் நெடுந்தூரம் பரவுகின்றன. உங்கள் பாத்திக்கு இது மூன்றாவது வசந்தம் என்பதால், வரிசைகளுக்கு நடுவில் நாற்று நடும் கரண்டியை இறக்கினால் அது வேரில்தான் படும். அந்தக் காயத்தின் வழியே ஃபியூசேரியம் பூஞ்சை நுழைந்தால், பதினைந்து இருபது ஆண்டுகள் பலன் தர வேண்டிய பாத்தி ஐந்தாறு ஆண்டுகளில் சோர்ந்துவிடக் கூடும். களைகளோடு போட்டியிடும் வலிமையும் இந்தச் செடிக்குக் குறைவு. பூச்செடி என்று நாம் பெயர் வைத்தாலும், அஸ்பாரகஸைப் பொறுத்தவரை அதுவும் தண்ணீரில் பங்கு கேட்கும் ஒரு களைதான்.

அப்படியானால் பூவே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் வேறு காரணத்துக்காக வேண்டும். அஸ்பாரகஸ் வண்டின் முட்டையைத் தேடித் தின்னும், அதற்குள் தன் முட்டையையும் இடும் மிகச் சிறிய குளவி ஒன்று உண்டு. டெட்ராஸ்டிகஸ் என்ற இனத்தைச் சேர்ந்த அது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடையது. உலோகப் பச்சையாக மின்னும். அதன் வாய் குட்டையானது என்பதால் ஆழமான குழல் கொண்ட பூக்களில் உள்ள தேன் அதற்கு எட்டாது. பொடிப்பொடியான, திறந்த பூக்கள்தான் அதற்கு ஏற்றவை. பாத்தியின் வெளி ஓரத்தில், கடைசி வேர்க்கொத்திலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி, ஸ்வீட் அலிசம் என்ற பூச்செடியை வரிசையாக வையுங்கள். அது ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாது, உறைபனி வரை பூத்துக்கொண்டே இருக்கும். கூடவே கொத்தமல்லியையும் சதகுப்பையையும், அதாவது இங்கே கடைகளில் டில் என்று கட்டி விற்கும் கீரையையும், சிறிது விதைத்துப் பூக்கவிடுங்கள். கொத்தமல்லி பூத்துவிட்டதே என்று வருந்தாத ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

பனிக்காலத்தோழி:

மண்புழு சொன்னதைப் பொருட்படுத்தாமல் நடந்தவள் என்ற முறையில் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான் பாத்தியின் நடுவிலேயே நாஸ்டர்டியமும் காஸ்மோஸும் விதைத்தேன். முதல் ஆண்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மே மாதம், தானாக விழுந்து முளைத்த காஸ்மோஸ் நாற்றுகளுக்கு நடுவே குருத்துகளைத் தேடித் தேடி வெட்ட வேண்டியதாயிற்று. கண்ணில் படாமல் தப்பிய குருத்துகளில் வண்டுகள் நிம்மதியாக முட்டையிட்டிருந்தன. ஜூலைக்குள் காஸ்மோஸ் நான்கடி வளர்ந்து, தழைக்குள் காற்றோட்டமே இல்லாமல் செய்துவிட்டது. மழை பெய்தால் நண்பகல் வரை தழை ஈரமாகவே நின்றது. ஆகஸ்டில் தண்டுகளில் துருநோய் தெரிந்தது. தானே விதை உதிர்க்கும் எந்தப் பூவையும் பாத்திக்குள் விடாதீர்கள். புதினாவைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

கொல்லைப்புறம்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓரத்தில் மட்டும் அலிசமும் கொத்தமல்லியும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஏப்ரல் இறுதியில் முதல் குருத்து வரும்போது இங்கே எந்தப் பூவும் இருக்காதே. அப்போது வரும் வண்டை என்ன செய்வது? மேலும், இந்த ஆண்டு எத்தனை நாள் வெட்டலாம்?

மண்புழு:

அந்த இடைவெளியை உங்கள் கைகள்தான் நிரப்ப வேண்டும். மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை வரை அலிசம் நாற்றை வெளியே வைப்பதில் பயனில்லை. அதுவரை காலையில், குளிரில் வண்டு மந்தமாக இருக்கும்போதே, சோப்புத் தண்ணீர் ஊற்றிய ஒரு டப்பாவுடன் போங்கள். அரை விரற்கடை நீளத்தில், கருநீல முதுகில் வெளிர் மஞ்சள் புள்ளிகளும் சிவப்பு விளிம்பும் கொண்ட அந்த வண்டு, உங்கள் நிழல் பட்டதும் குருத்தின் மறுபக்கத்துக்கு நழுவிவிடும். ஆகவே ஒரு கையை மறுபக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றொரு கையால் தட்ட வேண்டும். முட்டைகள் குருத்தின் மேல் கரும்பழுப்பு ஆணிகளை அடித்ததுபோல நட்டுக்குத்தலாக, வரிசையாக நிற்கும். கட்டைவிரலால் தேய்த்தால் போய்விடும். வெட்டும் காலத்தில் எல்லாக் குருத்தையும் தவறாமல் வெட்டி எடுப்பதே பாதி வேலையை முடித்துவிடும், ஏனென்றால் முட்டையும் அதோடு சேர்ந்து சமையலறைக்கு வந்துவிடுகிறது. நன்றாகக் கழுவிவிடுங்கள், அவ்வளவுதான்.

வெட்டுவதைப் பொறுத்தவரை, மூன்றாவது வசந்தத்தில் மூன்று நான்கு வாரம் வெட்டலாம் என்பது வழக்கம். ஆனால் போன கோடையில் தழை பறிபோனதால் வேரில் சேமிப்புக் குறைந்திருக்கும். நானாக இருந்தால் இரண்டு வாரத்தோடு, அல்லது குருத்துகள் பென்சிலைவிட மெலியத் தொடங்கியதும், நிறுத்திவிடுவேன்.

ஆற்றங்கரை (குவெல்ஃப்):

தாமதமாக வருகிறேன், இலையுதிர்காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வளர்ந்த வண்டுகள் பழைய தண்டுகளின் பொந்திலும் சருகுக்கடியிலும் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. ஆகவே உறைபனியில் தழை முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்த பிறகு, அதற்கு முன்பு அல்ல, தண்டை அடியோடு வெட்டிப் பாத்தியிலிருந்து அகற்றுங்கள். ஓரத்து அலிசத்தை வேரோடு பிடுங்காமல் கத்தரித்து விட்டாலே போதும்.

ஆனால் மண்ணைக் கொத்தாதீர்கள். மண்புழு குறிப்பிட்ட அந்தக் குளவியின் குஞ்சுகள், வண்டின் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும் வரை அதன் உடலுக்குள் காத்திருந்து, பிறகே அதைத் தின்று முடிக்கின்றன. பனிக்காலத்தையும் அந்தக் கூட்டுக்குள்ளேயே கழிக்கின்றன. மண்ணைப் புரட்டினால் நம் ஆட்களையும் சேர்த்தே புரட்டிவிடுவோம். அதே காரணத்தால், வெட்டுவதை நிறுத்திய பிறகு தழையில் தெரியும் முட்டைகளை ஒன்றுவிடாமல் தேய்க்க மாட்டேன். புழு பெருகாத வரை சிலவற்றைக் குளவிக்கென்று விட்டுவைப்பேன். மருந்து தெளித்துவிட்டுப் பூ நடுவதிலும் பொருளில்லை.

இன்னொன்று: உங்களுடைய வகை முற்றிலும் ஆண் செடிகளாலானது. பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட செம்மஞ்சள் வண்டு ஒன்றும் இங்கே உண்டு. அதன் புழு பெண் செடியின் சிவப்புப் பழத்துக்குள்தான் வளர்கிறது. பழமே இல்லாத பாத்தியில் அது பெரிய தொல்லை தராது. அடுத்த ஜூனில் அப்படி ஒரு வண்டைப் பார்த்தால் பதறாமல் கருநீல வண்டையே தேடுங்கள்.