சிறப்புத் தேவை உடைய குழந்தைகளைப் படமெடுப்பது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கருவிழி

வணக்கம். 11 ஆண்டுகளாகத் திருமணங்களையும் பள்ளிக் குழுப்படங்களையும் எடுத்து வருகிறேன். இப்போது சிறப்புப் பள்ளி ஒன்றில் பயிலும் 36 குழந்தைகளைத் தனித்தனியே படமெடுத்துத் தருமாறு கேட்டிருக்கிறார்கள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், செவித்திறன் குறைபாடு எனப் பல வகையினரும் அங்கே படிக்கிறார்கள்.

ஒத்திகையாகச் சென்ற வாரம் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனைப் படமெடுக்க முயன்றேன். பின்திரை, குடை விளக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் வைத்திருந்தேன். அவன் பெயரைச் சொல்லி, "இங்கே பார், சிரி" என்று நான்கைந்து முறை அழைத்தேன், அவன் பார்க்கவில்லை. ஃபிளாஷ் முதல்முறை மின்னியதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் அமர்ந்துவிட்டான். அதன்பின் அவனை வெளியே வரவழைக்க முடியவில்லை. மறுபடி அழைக்க எனக்கும் மனம் வரவில்லை.

இத்தகைய பணிக்கு எந்தக் கருவிகள் ஏற்றவை? குழந்தையைக் காமிராவைப் பார்க்கவைப்பது எப்படி? இன்னொன்றும் கேட்க வேண்டும். வாயோர எச்சில், மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய் போன்றவற்றைக் கணினியில் நீக்கிவிடுமாறு நிர்வாகத்தினர் சொல்கிறார்கள். அது முறையா என்பது எனக்கு விளங்கவில்லை.

பதில்: சன்னலொளி

நீங்கள் எழுதியதிலேயே ஒரு விடை இருக்கிறது. அந்தச் சிறுவன் பொத்தியது காதுகளை, கண்களை அல்ல. ஸ்டுடியோ ஃபிளாஷ் மின்னும்போது எழும் 'டப்' ஒலியும், அது மீண்டும் தயாரானதைத் தெரிவிக்கும் கீச்சொலியும் நமக்குப் பழகிப்போனவை; ஒலியைக் கூர்மையாக உணரும் குழந்தைக்கு அவை காதருகே வெடித்த பட்டாசுக்கு நிகர். ஆகவே முதலில் ஒலிகளை அணையுங்கள். ஃபிளாஷின் கீச்சொலி, ஃபோகஸ் கிடைத்ததும் காமிரா எழுப்பும் ஒலி, இருட்டில் ஃபோகஸுக்கு உதவுவதற்காக எரியும் சிறு விளக்கு ஆகிய மூன்றையும் நிறுத்திவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும்.

ஃபிளாஷே தேவையில்லை என்பது என் கருத்து. பெரிய சன்னலுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளிக் குழந்தையை அமரவைத்து, காமிராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200 வரை தயங்காமல் உயர்த்துங்கள். இன்றைய காமிராக்களில் அந்த அளவில் தெரியும் புள்ளிகளைப் பெற்றோர் யாரும் குறையாகச் சொன்னதில்லை. குழந்தையின் முகம் கலங்கித் தெரிந்தால்தான் சொல்வார்கள். ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டரின் வேகம் 1/250 வினாடியைவிட மெதுவாக இருக்க வேண்டாம். கைகளை உதறிக்கொண்டோ முன்னும் பின்னும் ஆடிக்கொண்டோ இருக்கும் குழந்தைக்கு 1/500 வேண்டும். ஒலியே எழுப்பாத எலெக்ட்ரானிக் ஷட்டர் நல்ல துணைதான். ஆனால் எல்இடி விளக்கொளியில் அது படத்தின் குறுக்கே பட்டைகளை உண்டாக்கக்கூடும், வேகமாக அசையும் கையை வளைத்தும் காட்டும். பகல் வெளிச்சத்தில் பட்டைகள் வருவதில்லை.

85 மி.மீ. லென்ஸ் இருந்தால் இரண்டு மீட்டர் தொலைவில் நின்றே முகத்தை நிறைவாக எடுக்கலாம். குழந்தைக்கு அந்த இடைவெளி பெரிய ஆறுதல். அகலக்கோண லென்ஸுடன் சக்கர நாற்காலியை நெருங்காதீர்கள். முன்னால் இருக்கும் கால்தாங்கியும் சக்கரமும் பூதாகரமாகத் தெரிய, அவற்றுக்குப் பின்னே குழந்தை சிறுத்துப் போகும்.

ஒரு குழந்தைக்கு 15 நிமிடம் என்று வைத்தால் 36 பேருக்கு 9 மணி நேரம் ஆகிறது. அதை ஒரே நாளில் முடிக்க முயல்வதுதான் இவ்வகைப் பணியில் நடக்கும் முதல் தவறு. நாளுக்கு 12 பேர் வீதம் மூன்று காலைப்பொழுதுகளைக் கேட்டு வாங்குங்கள்.

பதில்: இரட்டைக்குயில்

நான் ஒளிப்படக் கலைஞர் அல்லள். ஆட்டிசம் உள்ள ஒன்பது வயது மகனின் தாய். "காமிராவைப் பார்க்கவைப்பது எப்படி" என்ற உங்கள் கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பார்க்கவைக்க வேண்டாம். பிறர் கண்ணை நேராகப் பார்ப்பது என் மகனுக்குத் துன்பம் தரும் செயல். காமிராவின் வட்டக் கண்ணாடி அவனுக்கு இன்னொரு கண்ணாகவே தோன்றுகிறது. அவனுக்கு ஐந்து வயதானபோது ஒரு ஸ்டுடியோவில் நான்கு பேர் சூழ்ந்து நின்று, கைதட்டி, பொம்மையைக் கிலுக்கி, எப்படியோ அவனைச் சிரிக்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். உறவினர்கள் அனைவருக்கும் அந்தப் படம் பிடிக்கும். எனக்கு அதைப் பார்க்கவே முடிவதில்லை, ஏனெனில் அவன் அஞ்சும்போதும் அப்படித்தான் பற்கள் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நான் விரும்பிப் பார்க்கும் படத்தில் அவன் குழாயிலிருந்து ஒழுகும் நீரை விரல்களால் பிரித்துக்கொண்டிருக்கிறான். முகத்தில் பாதிதான் தெரிகிறது, ஆனால் அது முழுவதும் அவனே.

முன்கூட்டியே தெரிவிப்பது மிக முக்கியம். படமெடுக்கும் நாளுக்குச் சில நாட்கள் முன்பே உங்கள் முகத்தின் படம், காமிராவின் படம், அறையின் படம் ஆகியவற்றைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். ஆசிரியர்கள் அவற்றைப் பட அட்டைகளாக்கி, "முதலில் படம், பிறகு ஊஞ்சல்" என்று வரிசைப்படுத்திக் காட்டுவார்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் எங்கள் குழந்தைகள் வியக்கத்தக்க பொறுமை காட்டுவார்கள். "ஐந்து படம்" என்று சொன்னால் விரல்விட்டு எண்ணி, ஐந்தோடு நிறுத்திவிட வேண்டும். ஆறாவது மிக அழகாக வரும் என்று தோன்றினாலும் எடுக்காதீர்கள். அந்த ஒரு படத்துக்காக அடுத்த ஆண்டின் நம்பிக்கையையும் சேர்த்து இழப்பீர்கள். புத்தாடை அணிந்து வரவேண்டும் என்றும் கட்டாயப்படுத்தாதீர்கள். கழுத்துப்பட்டியில் உறுத்தும் ஒரு சிறு துணிச்சீட்டு அரைநாளைக் கெடுத்துவிடும்.

மேசைக்கு அடியில் போனான் என்று வருந்தியிருக்கிறீர்கள். அவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமாவது கிடைத்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது.

கணினித் திருத்தம் பற்றி என் கருத்து இது. இன்றைக்கு மூக்கில் இருக்கும் சளியையும் நேற்று விழுந்த கீறலையும் நீக்கலாம். எந்தக் குழந்தைக்கும் அப்படிச் செய்வதுண்டு. எச்சிலைக் கணினியில் துடைப்பதைவிட, படமெடுக்கும் முன் அவனிடம் சொல்லிவிட்டு, அவனுக்குப் பழக்கமானவர் கைக்குட்டையால் துடைப்பதே மரியாதை. உணவு செலுத்தும் குழாய் அப்படியன்று. ஆண்டுக்கணக்கில் அதனுடன் வாழும் குழந்தைக்கு அதுவும் முகத்தின் ஒரு பகுதிதான். அதை நீக்கும்படி வேண்டும் குடும்பமும் இருக்கலாம், நீக்கினால் புண்படும் குடும்பமும் இருக்கலாம். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். நிர்வாகத்தினுடையதாக இருக்க வேண்டாம்.

பதில்: நடைபழகு

குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராகப் பணிபுரிவதால், உடல்நிலை சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பெருமூளை வாதம் உள்ள சில குழந்தைகளிடம், கைக்குழந்தைப் பருவத்தோடு மறைந்திருக்க வேண்டிய அனிச்சைச் செயல்கள் நீடித்திருக்கும். திடீர் ஒலி கேட்டால் இரு கைகளும் விரிந்து உடல் அதிரும். தலை ஒருபக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துக் கை நீண்டு, மறுபக்கத்துக் கை மடங்கும். ஆகவே ஓரத்தில் நின்று பெயர் சொல்லி அழைத்தால், ஆசிரியர் பாடுபட்டு அமைத்த இருக்கை நிலை ஒரு நொடியில் குலைந்துவிடும். நேர் எதிரே, குழந்தையின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உங்கள் காமிரா இருக்கட்டும். அண்ணாந்து பார்க்கும் நிலை வந்தாலே சிலருக்கு உடல் விறைத்துப் பின்னோக்கி வளையும். களைப்புக் கூடக்கூடத் தலையை நிறுத்துவது கடினம் என்பதால் இவர்களைக் காலையில் முதலில் எடுத்துவிடுங்கள். "படத்தில் நாற்காலி தெரியாமல் இருக்கட்டும்" என்று யாரேனும் சொன்னால் அதற்காகக் குழந்தையைத் தூக்கி வேறோர் இருக்கையில் வைக்காதீர்கள். அந்தச் சாய்மானமும் பட்டைகளும் அக்குழந்தைக்கென்றே அளந்து அமைத்தவை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது, குட்டிக்கரணம், மோவாயைப் பிடித்து நிமிர்த்துவது எதுவும் வேண்டாம். கண்ணாடி அணிந்தவர் பலர். மூக்குத்தண்டு தட்டையாக இருப்பதால் அது நழுவியபடியே இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் முன்பு அதைச் சரிசெய்ய ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ 100க்கு 3 பேருக்கு மின்னும் ஒளியால் வலிப்பு தூண்டப்படலாம்; வினாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளியே அதற்கு முக்கியக் காரணம். தனியொரு ஃபிளாஷ் பொதுவாக அந்த வரம்புக்குள் வராது, ஆனால் கண்சிவப்பைத் தவிர்ப்பதற்காகப் படபடவென்று முன்கூட்டி மின்னும் வசதியும் தொடர் ஃபிளாஷும் வரக்கூடும். சன்னலொளி சொன்னபடி ஃபிளாஷைத் தவிர்த்தால் இந்தக் கவலையே எழாது.

அவர் சொன்ன சன்னலில் ஒரு சிக்கலும் உண்டு. சன்னலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் நின்றால், குழந்தையின் முகம் ஒளிரும், உங்கள் முகம் இருண்டுவிடும். உதட்டசைவைப் படிக்கும் குழந்தை அப்போது உங்களிடமிருந்து எதையும் பெற முடியாது. காமிராவும் வாயை மறைக்கிறது. சன்னல் இருவருக்கும் பக்கவாட்டில் இருக்குமாறு அமைத்து, காமிராவை முக்காலியில் பொருத்தி, தொலைவிலிருந்து இயக்கும் பொத்தானைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சைகை மொழி அறிந்த ஆசிரியர் உங்களை ஒட்டி நிற்கட்டும்.

கேள்வியாளர்: கருவிழி

மூவருக்கும் நன்றி. காதைப் பொத்தியதன் பொருள் எனக்குத் தோன்றவே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு கேள்வி. நன்கொடை திரட்டும் சுவரொட்டிக்கும் இதே படங்களைப் பயன்படுத்தப் போவதாக இன்று காலை சொன்னார்கள். பெற்றோரிடம் ஏற்கெனவே பெற்ற ஒப்புதல் போதுமா?

பதில்: சன்னலொளி

போதாது. வீட்டுக்குக் கொடுக்கும் படத்துக்குத் தந்த ஒப்புதல் சுவரொட்டிக்குத் தந்ததாக ஆகாது. குழந்தையின் தனிவாழ்வில் தலையிடக் கூடாது என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989) 16ஆம் பிரிவிலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை (2006) 22ஆம் பிரிவிலும் சொல்கின்றன. எந்தப் படம், எங்கே, எவ்வளவு காலம் என்று குறிப்பிட்டுத் தனியாக எழுதி வாங்குங்கள். பின்னர் மறுக்கவும் உரிமை உண்டு என்பதை அதிலேயே சேருங்கள். பேசாத குழந்தையும் மறுக்கும்: முகத்தைத் திருப்பும், கையால் தள்ளும். அதற்கு மேல் பெற்றோரின் கையொப்பத்தைக் காட்டிப் பயனில்லை. இணையத்தில் ஏற்றும் படங்களிலிருந்து, எங்கே எடுத்தது என்று காட்டும் இடக்குறிப்பையும் அகற்றிவிடுங்கள்.

சுவரொட்டி என்றதும் மேலிருந்து கீழ்நோக்கி, இருண்ட மூலையில், தனித்த குழந்தையாக எடுக்கச் சொல்வார்கள். இரக்கத்தால் பணம் வரும் என்ற கணக்கு அது. ஆடை அலங்காரத்துறையில் படமெடுத்துவந்த ரிக் குய்டோட்டி 1998இல் பாசிட்டிவ் எக்ஸ்போஷர் என்ற அமைப்பைத் தொடங்கி, மரபணு வேறுபாடு உள்ளவர்களை நோயின் எடுத்துக்காட்டுகளாக அல்லாமல் மனிதர்களாக, அவர்களுக்கே உரிய அழகுடன் எடுத்துக்காட்டினார். பிறவியிலேயே நிறமி குறைந்த அல்பினிசம் உள்ளவர்களிடமிருந்தே அவர் தொடங்கினார். உங்கள் 36 பேரில் அப்படி ஒருவர் இருந்தால், மேலே நான் சொன்ன சன்னலை மறந்துவிட்டு நிழலில் அமரவையுங்கள். அவர்களுக்குக் கண்கூச்சம் மிகுதி.

கேள்வியாளர்: கருவிழி

பள்ளியில் பேசிவிட்டேன். மூன்று காலைப்பொழுதுகள் கிடைத்துவிட்டன. சுவரொட்டிக்கான ஒப்புதலைத் தனிப் படிவத்தில் பெறவும், குழாய் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் கேட்கவும் இசைந்தார்கள். கேட்காமலே நீக்கிவிடலாம் என்று ஒருவர் மட்டும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார். திங்களன்று காமிரா இல்லாமல் போய், ஒரு வகுப்பு முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன். படமெடுப்பதற்காக அறையைக் காலிசெய்து தருவதாகச் சொன்னார்கள். அந்த மேசை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.