2022 உலகக் கோப்பையின்போது கத்தாரில் இருந்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இறுதி ஆட்டம் முடிந்து லுசைல் மைதானத்தில் மெஸ்ஸிக்குக் கத்தார் மன்னர் அமீர், பிஷ்த் என்கிற கறுப்பு அரபு மேலங்கியைப் போர்த்தியதுவரை எல்லாவற்றையும் டிவியில் எல்லாரும் பார்த்துவிட்டோம். நான் கேட்பது போட்டியை நடத்திய பக்கத்தை. அங்கே வேலை பார்த்தவர்கள், நின்றவர்கள், கட்டியவர்கள் எழுதுங்கள்.

முதலில் என்னுடையது. 20,000 தன்னார்வலர்களை எடுத்தார்கள், அதில் நானும் ஒருவன். எனக்கு லுசைல் மெட்ரோ ஸ்டேஷன் வாசல். தோஹா மெட்ரோவுக்கு ஓட்டுநர் கிடையாது, ஒரு ரயிலுக்கு மூன்றே பெட்டிதான். ஆட்டம் முடிந்ததும் எண்பதாயிரம் பேருக்கு மேல் வெளியே வருவார்கள். அப்படியே உள்ளே விட்டால் பிளாட்பாரத்தில் மிதிபட்டுச் சாவார்கள், அதனால் தடுப்புக் கம்பி கட்டி வளைத்து வளைத்து நடக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்புவோம். ஸ்டேஷன் கண்ணெதிரே இருக்கும், ஆனால் பாதை எதிர்ப்பக்கம் போகும்.

நவம்பர் 22, சவூதி 2-1 என்று அர்ஜென்டினாவை ஜெயித்த அன்று, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அர்ஜென்டினா சட்டையில் ஒருவர் வந்தார். "ஸ்டேஷன் அங்கேதானே இருக்கிறது, எங்களை ஏன் சுற்ற விடுகிறீர்கள்" என்று கேட்டார், கோபம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு. நான் விளக்கி முடிப்பதற்குள், அதுவரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சவூதிப் பையன்கள் தாங்களாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் தலையைக் குனிந்தபடி அந்த வழியே போனார். அந்த ஒரு மாதத்தில் என் மனதில் நின்றது அதுதான்.

*

அண்ணே, நீங்கள் நின்ற அதே லுசைலில் நான் 2018-லிருந்து சாரம் கட்டினேன்.

ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கவே இரண்டு வருடச் சம்பளம் போனது. வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தும் போக முடியவில்லை, அப்போது பழைய முதலாளி என்.ஓ.சி., அதாவது ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், தரவேண்டும். அந்த விதியை 2020-ல் நீக்கினார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்பது 2021 மார்ச்சில் வந்தது, அதற்குள் மைதான வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். ஜூன், ஜூலையில் ஆட முடியாது என்று போட்டியையே நவம்பருக்கு மாற்ற 2015-லேயே முடிவெடுத்துவிட்டார்கள். நல்லது, மாற்ற வேண்டியதுதான். எங்களுக்கு அப்போது கோடையில் பகல் 11.30 முதல் 3 மணி வரைதான் வெளிவேலை கிடையாது. காலை 10 மணியிலிருந்தே நிறுத்த வேண்டும் என்று விதி வந்தது 2021-ல். பத்து மணிக்கே கம்பி தொட்டால் கை சுடும், கையுறைக்குள் வியர்வை தேங்கி நிற்கும். ஆட்டக்காரன் உடம்புக்கு ஒரு கணக்கு, எங்கள் உடம்புக்கு ஒரு கணக்கா?

என் ரூமில் கீழ்க் கட்டிலில் படுப்பவர், 2019-ல், இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை. முப்பத்து நான்கு வயது. சான்றிதழில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள். ட்யூட்டி நேரத்தில் இறக்கவில்லை, அதனால் நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. பணிக்கொடை மட்டும் வந்தது. அவருடைய சேவிங் செட்டை நான்தான் பெட்டியில் வைத்துக் கட்டினேன்.

போட்டி நெருங்கியதும் வேலை இல்லை என்று கேம்பில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தப்பித்தேன். கத்தாரில் குடியிருப்பவர்களுக்கு என்று 40 ரியால் டிக்கெட் இருந்தது, அதில் பிரேசில்-செர்பியா கிடைத்தது. மேல் வரிசை. ரிச்சார்லிசன் அந்தரத்தில் திரும்பி அடித்த கோலைக் கண்ணால் பார்த்தேன், பக்கத்திலிருந்தவன் யார் என்றே தெரியாது, கட்டிப்பிடித்துக்கொண்டோம். அப்புறம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தால் எந்த இடத்தில் நானும் அந்தக் கீழ்க் கட்டில்காரரும் சேர்ந்து நின்றோம் என்று தெரிந்தது, கொஞ்ச நேரம் உட்கார முடியவில்லை.

*

தம்பி, படித்துவிட்டு அழுதுவிட்டேன். நான் தோஹாவில் நர்ஸாக இருந்தேன். ஜூலையில் எங்களிடம் வருகிற ஆட்கள் எல்லாம் உங்களைப் போலத்தான், உதடு வெடித்து, சிறுநீர் பழுப்பாக, "ட்ரிப் ஏற்றிவிடுங்கள் சிஸ்டர், மதியம் வேலைக்குப் போகணும்" என்பார்கள். சின்ன வயதில் தூக்கத்தில் இறந்தால் ஏன் என்று தேட வேண்டாமா? இயற்கை மரணம் என்று ஒரு வரி எழுதினால் அந்தக் கேள்வி அங்கேயே மூடிவிடுகிறது. எனக்கு அந்தப் போட்டியின்மேல் கோபம் இல்லை, என் பிள்ளைகள் கன்டெய்னர்களை வைத்துக் கட்டிய 974 மைதானத்தில் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்த வரி எழுதுகிற இடத்தில் ஒரு பரிசோதனை செய்யப் பணமா இல்லை அந்த நாட்டில்?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2034 போட்டி சவூதிக்கு என்று 2024 டிசம்பரில் முடிவாகிவிட்டது. என் அக்கா மகன் ரியாத் வேலைக்குப் போகிறேன் என்கிறான். என்ன சொல்லி அனுப்புவது?

*

அக்கா, போகட்டும், ஆனால் இமைக்ரேட் என்கிற இந்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்த ஏஜென்ட்தானா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் அவர்கள் வாங்கலாம், அதற்கும் ரசீது வாங்கட்டும். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும், அவனிடம் மட்டும் வேண்டாம். என் ரூமில் இறந்துபோனவருடைய ஒப்பந்தம் கேம்ப் பெட்டியில் இருந்தது, கடைசிவரை அது அவர் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. அவன் நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.