ஒரு நாள் பயிற்சியை நம்பி அடிபட்டவளை ஒப்படைக்கலாமா?

மதியழகன்:
எங்கள் ஒன்றியத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு உளவியல் முதலுதவிப் பயிற்சி தர முயல்கிறோம், ஒரு நாள் வகுப்பு. கணவனிடம் அடிபட்டு நள்ளிரவில் ஓடிவருகிறவள் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறாள். திறப்பவருக்கு என்ன பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

செண்பகம்:
திறப்பவள் அவளுடைய நாத்தனாருக்கு ஒன்றுவிட்ட தங்கையாகவும் இருப்பாள், தம்பி. விடிவதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விடும். நான் பல ஆண்டுகள் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்த்தவள். அரைகுறையாகக் கற்றவர்கள் "எல்லாவற்றையும் கொட்டிவிடு, பாரம் இறங்கும்" என்று கிளறுவார்கள். நடந்ததை உடனடியாக, ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பின்னால் வரும் மன பாதிப்பை அது தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்திருக்கலாம் என்றது.

மதியழகன்:
அக்கா, அந்தக் கிளறலை நிறுத்தத்தான் பயிற்சியே! உலக சுகாதார நிறுவனத்தின் 2011 கையேடு சொல்வது மூன்று வேலைகள்: பார், கேள், உதவக்கூடியவர்களோடு இணைத்துவிடு. காயம் இருக்கிறதா, குழந்தைகள் எங்கே, இன்றிரவு தங்க இடம் உண்டா? அவளாகப் பேசினால் கேட்க வேண்டும். பேசாவிட்டால் கூட உட்கார்ந்திருந்தால் போதும். இதற்குப் பட்டம் எதற்கு? "அனுசரித்துப் போம்மா" என்கிற வாயை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

செண்பகம்:
கேட்க நன்றாக இருக்கிறது. எதனோடு இணைப்பீர்கள்? வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் 'சகி' உதவி மையம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டிய தூரத்தில். கடைசி பஸ் போன பிறகு பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். வண்டி வரும் வரை அவள் யார் வீட்டில் இருப்பாள்?

ரஹ்மத்:
வழக்கறிஞனாக ஒன்று. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று தன்னார்வலர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாக்குக் கொடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர், நடந்தது பாலியல் குற்றம் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. உங்கள் வகுப்பில் இது இருக்கிறதா?

மதியழகன்:
இல்லை, சேர்க்கிறோம். உறவுச் சிக்கலுக்கு: ஊருக்கு இருவர், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். யாரிடம் பேசுவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

செண்பகம்:
இது கொஞ்சம் உருப்படியான பேச்சு. ஆனால் ஒரு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் புகைப்படம் என்றால் நான் எதிர்ப்பேன். மாதம் ஒருமுறை அனுபவமுள்ள ஒருவர் வந்து, தன்னார்வலர்கள் கேட்டதையெல்லாம் அவர்களிடமிருந்து கேட்க வேண்டும். இல்லையேல் அவர்களுக்குத் தூக்கம் கெடும். அதோடு, அடித்தவன் மறுநாள் தன்னார்வலர் வாசலுக்கு வந்து "என் பெண்டாட்டியை எங்கே ஒளித்தாய்?" என்று நின்றால்?

ரஹ்மத்:
2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்கு வராமல் காக்கிறது.

செண்பகம்:
வழக்கு வராது, சரி. அரிவாள் வந்தால்? காவல் நிலையத்தில் தன்னார்வலர்களின் பெயர்களை முன்கூட்டியே கொடுத்து, ஆய்வாளரையும் வகுப்பில் உட்காரவையுங்கள். அதுவரை யாரையும் சேர்க்காதீர்கள்.