புதுப்பிப்பு: பழைய காரில் பேட்டரி சார்ஜ் ஏறாத சிக்கல்

ஹெட்லைட்டைப் போட்டால் என் பழைய காரின் பேட்டரி சார்ஜ் ஏறுவதில்லை என்றும், சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றியும் பயனில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெரிந்துவிட்டது. ரெகுலேட்டர் வாங்கிய செலவு வீண்.

விளக்குகள் எரிய, என்ஜின் சற்று வேகமாக ஓடும்போது, ஆல்டர்னேட்டரின் (என்ஜினால் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) வெளியீட்டு முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.3 வோல்ட் இருந்தது. பேட்டரி முனைகளிலோ 12.7 தான். இடையில் தொலைந்த 1.6 வோல்ட்டைத் தேடி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடலிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தபோது 1.4 வோல்ட் காட்டியது. பழுது பாசிட்டிவ் ஒயரில் அல்ல, எர்த்தில்தான் (என்ஜின், கார் பாடி வழியே மின்சாரம் திரும்பும் பாதை).

என்ஜின் ரப்பர் மவுண்ட்களின் மேல் அமர்ந்திருப்பதால், அதை பாடியோடு மின்சார ரீதியாக இணைப்பது பின்னல் எர்த் பட்டை ஒன்றே. சென்ற ஆண்டு என்ஜினுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்தப் பட்டை அமரும் இடத்தையும் நானே பூசி மூடியிருக்கிறேன். மின்சாரம் வேறு வழியின்றி ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே பாய்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தவுடன் அந்தக் கேபிள் சுட்டதன் காரணமும் இதுவே.

உலோகம் பளபளக்கும்வரை பெயின்ட்டைச் சுரண்டி, புதிய பட்டையை முறுக்கியபின், எர்த் பக்க இழப்பு 0.05 வோல்ட்டாகக் குறைந்தது, பேட்டரியில் 14.1 வோல்ட் வருகிறது. ஐடிலிங்கில் மட்டும் சார்ஜ் எச்சரிக்கை விளக்கு இன்னும் மங்கலாக மினுக்குகிறது. அடுத்ததாக ஆல்டர்னேட்டரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்களைக் கழற்றிப் பார்க்கவிருக்கிறேன்.